வலைப்பை என்னும் வாள்மீன்: ஒரு கடற்படை விமானமும் அதனைச் சூழ்ந்த கதைகளும்

மக்கள் நாவில் வழங்கும் கதைகளைத் தொகுப்பதும், அவற்றுள் மெய் எது, மிகை எது எனப் பகுத்துணர்வதும் இலக்கிய மாணவர்க்குப் புதிய பணியன்று. தலபுராணங்களிலும் கதைப்பாடல்களிலும் நாம் செய்து பழகிய பணியே அது. அப்பணியை ஓர் எந்திரத்தின்மேல் செலுத்திப் பார்ப்பதே இக்கட்டுரை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை பயன்படுத்திய ஸ்வார்டுஃபிஷ் என்னும் விமானமே நாம் எடுத்துக்கொண்ட பொருள். போர் தொடங்கியபோதே பழையது என்று எள்ளப்பட்ட அவ்விமானம், ஐரோப்பியப் போர் முடியும் வரை களத்தில் நின்றது. அதனை ஓட்டியோர் அதனைப் பற்றிச் சொல்லிச் சென்ற கதைகள் பல. அவற்றுள் நகைப்புக்குரியன உண்டு, வியப்புக்குரியன உண்டு, உரக்கச் சொல்லப்படாதனவும் உண்டு. இம்மூன்றையும் ஒருங்கு வைத்துக் காண்போம்.

பெயரும் காரணமும்

ஸ்வார்டுஃபிஷ் என்பதற்கு வாள்மீன் என்பது பொருள். இது கடற்படை இட்ட பெயர். ஆனால் அதனை ஓட்டிய வீரர்கள் அப்பெயரை மிகுதியாக வழங்கவில்லை. அவர்கள் வழங்கிய பெயர் 'ஸ்டிரிங்பேக்' என்பதாகும். நூலால் பின்னிய வலைப்பை என்று அதனைத் தமிழில் சொல்லலாம்.

இப்பெயருக்குப் பலரும் கூறும் காரணம் ஒன்றுண்டு. அவ்விமானத்தின் இறக்கைகள் மேலும் கீழுமாக இரண்டு அடுக்குகளாய் அமைந்தவை. அவற்றிடையே கட்டுக்கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அக்கம்பிகளைக் கண்டே வலைப்பை என்றனர் என்பது பொதுவான எண்ணம். ஆயின் விமானிகளிடையே வழங்கிய காரணம் வேறு. அக்காலத்து இங்கிலாந்தில் இல்லத்தரசியர் கடைத்தெருவுக்குக் கொண்டு செல்லும் பை வலைப்பை. அதற்கென்று ஒரு வடிவமில்லை. எதை வைத்தாலும் அதற்கேற்ப விரிந்து கொடுக்கும். அதுபோல இவ்விமானமும் டார்ப்பிடோ, வெடிகுண்டு, கண்ணிவெடி, ஒளிக்குண்டு என எதை ஏற்றினாலும் சுமந்து செல்லும். ஆகவே அப்பெயர் தோற்றம் கருதி வந்ததன்று. தொழில் கருதி வந்தது. காரணப்பெயருக்கு மக்கள் பிறிதொரு காரணத்தைப் பொருத்திக் கொள்ளும் இயல்பு எம்மொழிக்கும் பொதுவெனலாம்.

டார்ப்பிடோ என்பது நீரில் விழுந்தபின் தன் பொறியாலேயே நீரினடியில் ஓடிக் கப்பலைத் தாக்கும் குண்டு. வீரர்கள் அதனைக் 'கிப்பர்' என்று கேலியாகக் குறித்தனர். கிப்பர் என்பது உப்பிட்டுப் புகையூட்டிய மீன். நம் கடற்கரையில் இவ்வழக்குத் தோன்றியிருப்பின் அதனைக் கருவாடு என்றே அழைத்திருப்பர்.

அமைப்பும் ஆற்றலும்

ஃபேரி என்னும் நிறுவனம் இவ்விமானத்தை வடிவமைத்தது. 1934 ஏப்ரல் 17ஆம் நாள் இதன் முன்மாதிரி முதன்முதலாகப் பறந்தது. 1936இல் கடற்படைப் பணிக்கு வந்தது. 1944 வரை ஏறத்தாழ 2,400 விமானங்கள் செய்யப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதியைக் கட்டியது பிளாக்பர்ன் என்னும் மற்றொரு நிறுவனமாகும். அதனால் அவற்றிற்குப் 'பிளாக்ஃபிஷ்' என்ற விளையாட்டுப் பெயரும் வழங்கிற்று.

உலோகச் சட்டத்தின் மேல் துணியைப் போர்த்திய உடல்; மடக்க இயலாத சக்கரங்கள்; மேலே மூடியில்லாத இருக்கைகள்; 690 குதிரைத்திறன் கொண்ட ஒரே எந்திரம். இவ்வளவே இதன் உடைமை. எந்திரத்தை உயிர்ப்பிக்க வீரர்கள் பக்கத்தில் ஏறி நின்று கைப்பிடியைச் சுழற்றுதல் வேண்டும். இதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர். ஏறத்தாழ 730 கிலோகிராம் எடையுள்ள டார்ப்பிடோவைச் சுமந்தால் அவ்வேகமும் வெகுவாகக் குறையும். அதே காலத்தில் எதிரியின் போர் விமானங்கள் மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறந்தன என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எனினும் கடற்படைக்கு வேண்டிய சில நற்பண்புகள் இதனிடம் நிறைந்திருந்தன. விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளம் குறுகியது. அலையில் ஏறி இறங்குவது. அதிலிருந்து சிறு ஓட்டத்திலேயே இது எழும்பிவிடும்; மிகக் குறைந்த வேகத்திலும் நிலைகுலையாது வந்திறங்கும். இறக்கைகளைப் பின்னோக்கி மடித்துவிட்டால் ஏறத்தாழ 14 மீட்டர் அகலம் 5 மீட்டர் அளவிற்குச் சுருங்கும். துணியுடல் கிழிந்தால் கப்பலிலேயே தைத்து ஒட்டிச் செப்பனிடலாம்.

இதில் மூவர் செல்வர். முன்னால் விமானி. நடுவில் வழியைக் கணிக்கும் நோக்கர். பின்னால் தந்தியாளராகவும் துப்பாக்கி வீரராகவும் பணிபுரிபவர். காற்றின் இரைச்சலில் ஒருவர்க்கொருவர் பேசிக்கொள்ள ஒரு குழாயே துணை. திசை காட்டப் பாதையோ மலையோ இல்லாத கடலின் மேல், திறந்த இருக்கையில், வரைபடத்தைக் காற்று பறித்துக்கொள்ளாமல் காத்து, கணக்கிட்டு, நகர்ந்து கொண்டேயிருக்கும் தன் கப்பலுக்கு வழி கண்டு திரும்ப வேண்டியவர் நோக்கர். விமானியின் துணிவு கதையாயிற்று. நோக்கரின் கணக்குப் பெரும்பாலும் கதையாகவில்லை.

தாரந்தோ இரவு

1940 நவம்பர் 11ஆம் நாள் இரவு, இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்தில் அந்நாட்டுப் போர்க்கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தன. துறைமுகத்தைச் சுற்றித் தடுப்புப் பலூன்களும், நீரினடியில் வலைகளும், கரையெங்கும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் இருந்தன. இல்லஸ்டிரியஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 21 வாள்மீன்கள் இரண்டு அணிகளாகப் புறப்பட்டன.

இத்தாக்குதலுக்குச் செய்த ஆயத்தங்களே தனிச் சுவையுடையன. தொலைவு மிகுதியாதலின் கூடுதல் எரிபொருள் வேண்டியிருந்தது. டார்ப்பிடோ விமானங்களில் நடு இருக்கையில் எரிபொருள் தொட்டியை வைத்தனர். நோக்கர் பின்னிருக்கைக்கு மாறினார். துப்பாக்கி வீரர் கப்பலிலேயே விடப்பட்டார். அடுத்த இடர், துறைமுகத்தின் ஆழக் குறைவு. வானிலிருந்து விழும் டார்ப்பிடோ முதலில் ஆழ மூழ்கிப் பின்னரே மட்டத்திற்கு வரும். ஆழம் குறைந்த இடத்தில் அது சேற்றில் குத்தி நின்றுவிடும். இதனைத் தவிர்க்க, டார்ப்பிடோவின் மூக்கோடு ஒரு கம்பியைப் பிணைத்தனர். விழும்போது அக்கம்பி மூக்கைச் சற்றே மேலே இழுத்துப் பிடிக்க, டார்ப்பிடோ தலைகீழாகப் பாயாமல் வயிறு படிய நீரில் விழுந்தது.

விமானிகள் சொல்லி மகிழ்ந்த நிகழ்ச்சி ஒன்றும் அன்று நடந்தது. இரண்டாம் அணி புறப்படும் வேளையில், மேல்தளத்தில் இரு விமானங்கள் ஒன்றோடொன்று உராய்ந்தன. ஒன்றன் இறக்கைத் துணி கிழிந்து சட்டமும் உடைந்தது. அதில் செல்லவேண்டிய கிளிஃபோர்டு, கோயிங் என்னும் இருவரும் தாம் பின்தங்க உடன்படவில்லை. விரைந்து செப்பனிட்டபின், ஏனையோர் புறப்பட்டு ஏறத்தாழ அரைமணி நேரம் கழித்துத் தனியே பறந்து சென்று தாக்கி மீண்டனர். உலோக உடல் கொண்ட விமானமாயின் அவ்விரவு அது பறந்திராது. தையலும் ஒட்டும் போதுமானதாக இருந்தமையே அவர்களுக்கு வாய்ப்பாயிற்று.

அன்று செலுத்தப்பட்ட டார்ப்பிடோக்கள் 11. மூன்று பெரும் போர்க்கப்பல்கள் அடிபட்டன. அவற்றுள் கோன்டே டி காவூர் என்பது பின்னர் ஒருபோதும் போருக்குத் திரும்பவில்லை. திரும்பாத வாள்மீன்கள் இரண்டு. அவற்றிற் சென்றோருள் இருவர் மாண்டனர், இருவர் சிறைப்பட்டனர். இத்தாலியர் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆழம் குறைந்த துறைமுகத்திலும் வானிலிருந்து டார்ப்பிடோவைப் பயன்படுத்தலாம் என்பதை உலகம் அன்று கண்டுகொண்டது. ஜப்பானியக் கடற்படையினர் தாரந்தோவுக்கே சென்று அத்தாக்குதலை ஆராய்ந்தனர். இச்செய்தியை நாம் மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பிஸ்மார்க் வேட்டை

வாள்மீனின் புகழ் உச்சத்தை எட்டியது 1941 மே 26ஆம் நாள். ஜெர்மனியின் பிஸ்மார்க் நிறைசுமையில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் டன் எடையுள்ள பெரும் போர்க்கப்பல். இரண்டு நாள்களுக்கு முன்னர் அது ஹூட் என்னும் பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்திருந்தது. பிரான்சு நாட்டுக் கரையை நோக்கி விரைந்த அதனைத் தடுக்க ஆர்க் ராயல் கப்பலின் வாள்மீன்களை விட்டால் வேறு வழியில்லை என்னும் நிலை ஏற்பட்டது.

அன்று பிற்பகல் புறப்பட்ட முதல் அணி மேகத்தினூடே இறங்கி ஒரு கப்பலைத் தாக்கிற்று. அது பிஸ்மார்க் அன்று. ஷெஃபீல்டு என்னும் தம் நாட்டுக் கப்பலே. ஷெஃபீல்டு முன்னே சென்றிருக்கும் செய்தி விமானிகளுக்கு எட்டவில்லை. பதினொரு டார்ப்பிடோக்கள் வீழ்த்தப்பட்டன. ஷெஃபீல்டு திருப்பிச் சுடாமல் வளைந்து வளைந்து ஓடித் தப்பிற்று. டார்ப்பிடோக்களுட் சில நீரைத் தொட்டவுடனேயே வெடித்துவிட்டன. திரும்பும் வழியில் ஒரு விமானத்திலிருந்து, 'கிப்பர்' அனுப்பியமைக்கு வருத்தம் தெரிவித்து ஷெஃபீல்டுக்கு விளக்கொளியால் செய்தி அனுப்பப்பட்டது என்பது இன்றும் வழங்கும் வேடிக்கை.

வேடிக்கைக்கு அப்பால் இத்தவற்றில் ஒரு பயன் விளைந்தது. அந்த டார்ப்பிடோக்களில் கப்பலின் காந்தப் புலத்தால் வெடிக்கும் முனைகள் பொருத்தப்பட்டிருந்தன. அவை நம்பத்தகாதன என்பது ஷெஃபீல்டின்மீது தெரிந்துவிட்டது. ஆகவே மாலையில் புறப்பட்ட இரண்டாம் அணிக்கு, மோதினால் வெடிக்கும் எளிய முனைகளைப் பொருத்தினர். பதினைந்து விமானங்கள் மங்கிய ஒளியில், தாழ்ந்த மேகத்தில், பெருங்காற்றில் சென்றன. ஒரு டார்ப்பிடோ பிஸ்மார்க்கின் பின்புறத்தைத் தாக்கிச் சுக்கானை ஒரு பக்கமாகத் திருப்பிய நிலையிலேயே இறுகச் செய்தது. அவ்வளவு பெரிய கப்பல் தான் விரும்பிய திசையில் செல்லும் ஆற்றலை இழந்தது. மறுநாட் காலை பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அதனைச் சூழ்ந்து அழித்தன. அதிலிருந்த 2,200க்கு மேற்பட்டோருள் உயிர் பிழைத்தோர் 120 பேருக்கும் குறைவு.

அந்த டார்ப்பிடோவை எய்தவர் யார்? ஜான் மொஃபட் என்னும் விமானியின் பெயரே பெரிதும் கூறப்படுகிறது. அவர் 2016இல் தம் 97ஆம் வயதில் மறைந்தார். டார்ப்பிடோ அலையின் முகட்டில் விழுந்தால் வழிதவறும். அலைப் பள்ளத்தில் விழுந்தால் நேரே ஓடும். ஆகவே தம் நோக்கர் இருக்கையிலிருந்து வெளியே தலைகீழாகத் தொங்கியபடி அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்து, ஏற்ற நொடியில் குரல் கொடுத்தார் என மொஃபட் நினைவுகூர்ந்தார். ஆயினும் இருளும் மேகமும் சூழ்ந்த அவ்வேளையில் பலர் பல திசைகளிலிருந்து தாக்கினர். எய்தவர் இன்னாரே என்று அறுதியிட்டுக் கூறுதல் அரிது. ஆய்வாளரிடையேயும் இதில் கருத்து வேறுபாடு உண்டு.

வேகக் குறைவே கேடயமா?

வாள்மீனைப் பற்றிய கதைகளுள் மிகப் புகழ்பெற்றது ஒன்றுண்டு. பிஸ்மார்க்கின் பீரங்கிக் கணிப்புக் கருவிகள் வேகமான விமானங்களுக்கென அமைந்தவை; இவ்வளவு மெதுவாக ஒரு விமானம் பறக்கும் என்று அவற்றைச் செய்தவர்கள் எண்ணவில்லை; ஆதலின் குண்டுகள் எல்லாம் விமானங்களுக்கு முன்னாலேயே வெடித்தன; ஆமை நடையே உயிர் காத்தது என்பது அக்கதை. கேட்பதற்கு இனியது, வலியாரை எளியார் வெல்லும் பழங்கதைகளின் சாயலுடையது. அதனாலேயே நிலைத்தும் விட்டது.

ஆனால் நிகழ்ந்தவற்றோடு வைத்து எண்ணுக. அன்று குண்டுகள் வாள்மீன்களை எட்டாமல் இல்லை. திரும்பி வந்தவற்றுள் ஒன்றன் உடலில் நூற்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்தன. குண்டுச் சிதறல்கள் துணியைத் துளைத்து மறுபுறம் சென்றன. உள்ளே எந்திரமும் ஆளும் படாதவரை விமானம் பறந்தது. மேகம் மறைத்தது. வீரர்கள் அலைகளை ஒட்டித் தாழப் பறந்தனர். கப்பலும் தப்பும் பொருட்டு வளைந்து ஓடியதால் அதன் பீரங்கிகளின் குறி கலைந்தது. அனைத்திலும் மேலாக, கரையிலிருந்து வெகுதொலைவில் நடந்த அப்போரில் ஜெர்மானியப் போர் விமானம் ஒன்றும் வானில் இல்லை. இவை அனைத்தும் கூடியே அவர்களைக் காத்தன. வேகக் குறைவே கேடயம் என்பது மெய்யாயின், வேறு களங்களிலும் அது காத்திருத்தல் வேண்டும். காத்ததா என்பதைக் காண்போம்.

திரும்பாத பன்னிருவிமானங்கள்

1942 பிப்ரவரி 12ஆம் நாள், ஷார்ன்ஹார்ஸ்ட், நைசனா, பிரின்ஸ் ஆய்கன் என்னும் மூன்று ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் பட்டப்பகலில் ஆங்கிலக் கால்வாய் வழியாகத் தம் நாடு நோக்கி விரைந்தன. அவற்றின்மேல் ஜெர்மானியப் போர் விமானங்கள் குடைபோல் சூழ்ந்து காத்தன. மான்ஸ்டன் தளத்தில் இருந்த ஆறு வாள்மீன்கள் அவற்றைத் தாக்க அனுப்பப்பட்டன. தலைவர் யூஜின் எஸ்மண்ட். பிஸ்மார்க்கை மே 24ஆம் நாள் இரவு தாக்கிய முதல் வாள்மீன் அணிக்குத் தலைமை தாங்கியவர் அவரே. அதற்குரிய விருதை அரண்மனையில் பெற்றது முந்தைய நாளில்தான்.

துணைக்கு ஐந்து ஸ்பிட்ஃபயர் அணிகள் வரும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. குறித்த நேரத்தில் வந்து சேர்ந்தவை பத்து விமானங்களே. காத்திருந்தால் கப்பல்கள் கடந்து போய்விடும். எஸ்மண்ட் புறப்பட்டார். ஆறு வாள்மீன்களும் வீழ்ந்தன. சென்ற பதினெண்மருள் பதின்மூவர் மாண்டனர். ஒரு டார்ப்பிடோவும் இலக்கை அடையவில்லை. எஸ்மண்டுக்கு இறப்பிற்குப்பின் விக்டோரியா கிராஸ் விருது வழங்கப்பட்டது.

இரண்டு மாதங்கள் முடியுமுன் அதே எண்ணிக்கை இலங்கை வானில் மீண்டது. தாரந்தோவை ஆராய்ந்த ஜப்பானியக் கடற்படை, 1941 டிசம்பரில் ஆழம் குறைந்த பேர்ல் ஹார்பர் துறைமுகத்தைத் தாக்கியிருந்தது. அத்தாக்குதலில் பங்கேற்ற விமானந்தாங்கிக் கப்பல்களே 1942 ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தன. ஏப்ரல் 5ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறு காலை, அவற்றின் விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தன. அதே வேளையில் திருகோணமலைக்கு அண்மையிலுள்ள சீனக்குடாத் தளத்திலிருந்து ஆறு வாள்மீன்கள் டார்ப்பிடோக்களைச் சுமந்து இரத்மலானை நோக்கிப் பறந்து கொண்டிருந்தன. துணை விமானம் எதுவும் உடன் இல்லை. ஜப்பானின் 'ஜீரோ' போர் விமானங்கள் அவற்றை எதிர்கொண்டன. ஆறும் சுட்டு வீழ்த்தப்பட்டன. தாரந்தோவில் பிறருக்குப் பாடமாய் அமைந்த விமானமே, அப்பாடத்தைக் கற்றோர் கையால் வீழ்ந்தது. நான்கு நாள்களுக்குப்பின் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது, அதில் ஒரு விமானமும் இல்லை. அவை முன்னரே கரையில் இறக்கப்பட்டிருந்தன.

விமானம் அதுவே. வேகமும் அதுவே. துணிவும் குறைந்ததன்று. பிஸ்மார்க்கின்மேல் ஒன்றும் சுட்டு வீழ்த்தப்படவில்லை. கால்வாயிலும் கொழும்பிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. வேறுபாடு எங்கே? பகைவரின் போர் விமானம் வானில் இருந்ததா, காக்கும் துணை உடன் சென்றதா என்பதில்தான். ஆமை நடைக் கதை இனிது. ஆயின் அது மட்டுமே நிலைக்குமானால், துணையின்றி அனுப்பப்பட்ட அவ்வீரர்களின் முடிவுக்குக் காரணம் மறைந்துபோகும்.

வலைப்பை மெய்யாகவே வலைப்பையானது

பகலில் போர் விமானங்கள் உலவும் வானத்தில் வாள்மீனுக்கு இடமில்லை என்பதைக் கடற்படை இவ்வாறு விலைகொடுத்துக் கற்றது. அதன்பின் இரவிலும், கரைக்கு எட்டாத நடுக்கடலிலும் அதற்கு வேறு பணி தரப்பட்டது. நீர்மூழ்கிக் கப்பல்களை வேட்டையாடுவதே அப்பணி. ரேடார் கருவியும், நீரில் ஆழம் அறிந்து வெடிக்கும் குண்டுகளும், ஏவுகணைகளும் ஒன்றன்பின் ஒன்றாக இந்தத் துணி விமானத்தில் ஏறின. ஏவுகணையின் தீ துணியைப் பற்றாதிருக்கக் கீழிறக்கையின் அடிப்பகுதியை மட்டும் உலோகத்தால் போர்த்தினர். 1941 டிசம்பர் 21ஆம் நாள் இரவில், தாஞ்சியர் அருகே ரேடாரின் துணையால் ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கியை வாள்மீன் அழித்தது. இரவில் விமானத்தால் அழிக்கப்பட்ட முதல் ஜெர்மானிய நீர்மூழ்கி அதுவே. 1943 மே மாதத்தில் ஆர்ச்சர் கப்பலின் வாள்மீன் ஏவுகணையால் மற்றொன்றை வீழ்த்தியது.

போதிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இல்லாமையால், தானியமும் எண்ணெயும் ஏற்றிச் செல்லும் வணிகக் கப்பல்களின் மேலேயே தளம் அமைத்து, மூன்று நான்கு வாள்மீன்களை உடன் அனுப்பினர். அங்குப் பணிபுரிந்த வீரர்கள் சிலர், விமானத்தில் எழுதியிருந்த 'ராயல் நேவி' என்பதில் 'ராயல்' என்பதை அழித்து, வணிகக் கப்பற்படை என்று பொருள்படும் 'மெர்ச்சன்ட் நேவி' என எழுதி வைத்தனர். தம்மைச் சுமந்த கப்பலின் மக்களோடு தாமும் ஒருவர் எனக் காட்டிய எளிய குறும்பு அது. வடதுருவக் கடலின் கடுங்குளிரில், திறந்த இருக்கைகளில் அமர்ந்தே அவர்கள் ரஷ்யா செல்லும் கப்பல்களைக் காத்தனர். 1944 மார்ச்சில் சேசர் கப்பலின் வாள்மீன்கள் அத்தகைய ஒரு பயணத்தில் மூன்று நீர்மூழ்கிகளின் அழிவில் பங்குகொண்டன.

இதற்கு மாற்றாக மூடிய இருக்கைகளோடு வந்தது ஆல்பக்கோர் என்னும் விமானம். கடற்படையின் முன்னணிப் பணியிலிருந்து அது வாள்மீனுக்கு முன்னரே விலகிவிட்டது. வாரிசை வழியனுப்பி வைத்த மூத்தவர் என வாள்மீனை விமானிகள் கொண்டாடினர். கடைசி முன்னணி வாள்மீன் அணி 1945 மே 21ஆம் நாள், ஐரோப்பாவில் போர் முடிந்தபின்னரே கலைக்கப்பட்டது.

முடிவுரை

இன்று உலகில் எஞ்சியுள்ள வாள்மீன்கள் மிகச் சிலவே. பிரிட்டனில் பேணப்படும் ஒன்று வானிலும் பறந்து காட்டப்பட்டு வந்துள்ளது. அதனைக் காண்போர் பிஸ்மார்க்கை நினைத்துக் கைதட்டுவர். அது தகும். பழைய கருவியும், அதன் இயல்பறிந்து உரிய இடத்தில் பயன்படுத்தினால் பெரும்பணி செய்யும் என்பதற்கு அது சான்று.

ஆனால் கதை கேட்கும் மாணவர்கள் மேலும் ஒரு வினாவைக் கேட்டுப் பழகுதல் வேண்டும். வென்றவர் கதை எவ்வாறு வளர்ந்தது என்பது முதல் வினா. அக்கதையின் நிழலில் யாருடைய கதை மறைந்தது என்பது அடுத்த வினா. தாரந்தோவிலிருந்து மீண்டோர் நினைவுக்குறிப்பு எழுதினர். கால்வாயிலும் இலங்கைக் கடலோரத்திலும் வீழ்ந்தோருள் பெரும்பாலோர்க்கு அவ்வாய்ப்பு அமையவில்லை. அவர்கள் துணிவுக்குப் புகழ் சேர்ப்பது எளிது. அவர்களுக்குத் துணை ஏன் செல்லவில்லை என்று கேட்பதே அரிது. அனுப்பும் பொறுப்பில் இருப்போர் எக்காலத்தும் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவும் அதுவே.